29 பெண்கள்: குழந்தைப்பேறு மருந்தும் தைராய்டு புற்றுநோயும், ஒரு டென்மார்க் ஆய்வை முன்வைத்து

முதுநிலை மருத்துவ மாணவர்களுக்கு ஆய்வுக் கட்டுரை வாசிக்கப் பழக்கும் வகுப்பு ஒன்று எடுக்கிறேன். வருடா வருடம் அதில் தவறாமல் இடம்பெறும் கட்டுரை ஒன்று உண்டு. 2008இல் ‘ஹியூமன் ரீப்ரொடக்‌ஷன்’ இதழில் வந்தது. ஹன்னிபால், யென்சன், ஷரீஃப், கேர் என்று டென்மார்க்கின் நான்கு ஆய்வாளர்கள் எழுதியது. குழந்தைப்பேறுக்காக மருந்து எடுத்த பெண்களுக்குத் தைராய்டு புற்றுநோய் கூடுதலாக வருகிறதா என்பது கேள்வி. க்ளோமிபீன் எடுத்தவர்களுக்கு அபாயம் 2.28 மடங்கு, புரொஜெஸ்டிரோன் எடுத்தவர்களுக்கு 10.14 மடங்கு என்று விடை வந்தது.

இந்த இரண்டு எண்களைக் கரும்பலகையில் எழுதிவிட்டு, "இனி இந்த மருந்துகளை எழுதிக் கொடுப்பீர்களா?" என்று கேட்பேன். வகுப்பு கொஞ்ச நேரம் அமைதியாகிவிடும். க்ளோமிபீன் அபூர்வமான மருந்து இல்லை. ‘முட்டை வளர மாத்திரை’ என்று நம் பெண்கள் சொல்வது பெரும்பாலும் இதையோ லெட்ரோசோலையோதான். மாதவிலக்கின் இரண்டாம் நாளோ மூன்றாம் நாளோ தொடங்கி ஐந்து நாள் போட்டு, அப்புறம் ஒன்றுவிட்டு ஒரு நாள் ஸ்கேனுக்குப் போய், "முட்டை வெடிச்சிருச்சா டாக்டர்?" என்று கேட்டுக் காத்திருந்த பெண்களின் எண்ணிக்கையை நம் ஊரில் யாரும் எண்ணி முடிக்க முடியாது. அந்த மாத்திரை கழுத்தில் புற்றுநோயைக் கொண்டுவருகிறது என்றால் சும்மா விட்டுவிடக் கூடிய விஷயமா?

எந்தக் கட்டுரையிலும் மடங்கைப் பார்க்குமுன் தலையை எண்ணிப் பாருங்கள் என்று மாணவர்களிடம் சொல்வேன். இந்தக் கட்டுரையில் மொத்தம் 54,362 பெண்கள். அவர்களில் தைராய்டு புற்றுநோய் வந்தவர்கள் 29 பேர்.

அந்தப் பெண்கள் எங்கிருந்து வந்தார்கள்

1963 முதல் 1998 வரை குழந்தையில்லாமைப் பிரச்சினைக்காக டென்மார்க்கின் மருத்துவமனைகளுக்கும் தனியார் சிகிச்சை மையங்களுக்கும் அனுப்பப்பட்ட பெண்களின் பட்டியல் இது. ஒரு நாடு முழுக்க இப்படிப் பட்டியல் போட முடிந்ததற்குக் காரணம் 1968இல் அங்கே வந்த குடிமக்கள் பதிவு எண். பத்து இலக்கம். முதல் ஆறு இலக்கங்கள் பிறந்த நாள், மாதம், வருடம். கடைசி இலக்கம் ஒற்றைப்படை என்றால் ஆண், இரட்டைப்படை என்றால் பெண். அந்த எண் எல்லா இடத்திலும் ஒன்றுதான்: மருத்துவமனைக் கோப்பில் அதுதான், புற்றுநோய்ப் பதிவேட்டில் அதுதான், இறப்புப் பதிவிலும் அதுதான். புற்றுநோய்ப் பதிவேடு அங்கே 1942 முதல் இருக்கிறது. இரண்டையும் பொருத்திப் பார்த்தால் யாருக்கு எப்போது எந்தப் புற்றுநோய் வந்தது என்று தெரிந்துவிடும். ஒருவரையும் தேடிப்போய்க் கதவைத் தட்ட வேண்டியதில்லை. 2000ஆம் ஆண்டு இறுதி வரை அப்படிப் பார்த்ததில் கிடைத்தவர்கள்தான் அந்த 29 பேர்.

ஆனால் யார் எந்த மருந்து எடுத்தார் என்பதை எந்தப் பதிவேடும் சொல்லாது. அது காகிதக் கோப்பில் டாக்டரின் கையெழுத்தில் கிடக்கும். 54,362 கோப்புகளைத் தூசி தட்டிப் படிப்பது நடக்கிற காரியமா? அதனால் நோய் வந்தவர்களின் கோப்புகளை எல்லாம் எடுத்தார்கள். மொத்தப் பட்டியலிலிருந்து குலுக்கல் முறையில் ஒரு சிறு கூட்டத்தை எடுத்து அவர்களின் கோப்புகளையும் படித்தார்கள். சோற்றுப் பானையை முழுக்கக் கொட்டிப் பார்க்காமல் நாலு பருக்கை எடுத்து நசுக்கிப் பார்ப்பது மாதிரிதான். முறையாகச் செய்தால் முழுப் பானையைப் பார்த்ததற்குச் சமமான விடை கிடைக்கும்.

இதில் எனக்கு மிகவும் பிடித்த விஷயம் ஒன்று உண்டு. ஒப்பிட்ட இரண்டு பக்கத்திலும் இருந்தவர்கள் குழந்தையில்லாமைக்காக மருத்துவரிடம் போன பெண்கள்தான். ஒரு பக்கம் மருந்து எடுத்தவர்கள், இன்னொரு பக்கம் எடுக்காதவர்கள். இதைப் பற்றி எழுதும் பலர், சிகிச்சை எடுத்த பெண்களை ஊரில் உள்ள மற்ற எல்லாப் பெண்களோடும் ஒப்பிட்டுவிடுகிறார்கள். குழந்தை பிறக்காததற்கு என்ன காரணமோ அதுவே தைராய்டையும் தொடலாம் இல்லையா? அந்தக் குழப்பத்தை டென்மார்க்காரர்கள் ஓரளவு ஆரம்பத்திலேயே விலக்கிவிட்டார்கள்.

என்ன கிடைத்தது, எவ்வளவு அகலமாகக் கிடைத்தது

ஐந்து வகை மருந்துகளைப் பார்த்தார்கள்: க்ளோமிபீன், முட்டைகளை வளர்க்கும் கொனடோட்ரோபின் ஊசிகள், வளர்ந்த முட்டையை வெளிவரச் செய்யும் எச்.சி.ஜி. ஊசி, முட்டை முன்கூட்டியே வெளிவராமல் அடக்கி வைக்கும் ஜி.என்.ஆர்.எச். வகை மருந்துகள், புரொஜெஸ்டிரோன். நடுவில் சொன்ன மூன்றுக்கும் தைராய்டு புற்றுநோயோடு தொடர்பு தெரியவில்லை. க்ளோமிபீனுக்கு 2.28. அதன் நம்பிக்கை இடைவெளி 1.08 முதல் 4.82 வரை. அதாவது உண்மையான அபாயம் ஏறக்குறைய ஒன்றுமில்லாததாகவும் இருக்கலாம், ஐந்து மடங்குக்குக் கொஞ்சம் குறைவாகவும் இருக்கலாம். இரண்டோடும் இந்தத் தரவு ஒத்துப்போகும். புரொஜெஸ்டிரோனுக்கு 10.14. அதன் இடைவெளி 1.93 முதல் 53.33 வரை.

இந்த இடத்தில் வகுப்பை நிறுத்திவிடுவேன். 1.93 முதல் 53.33 வரை என்ற ஒரு விடையை வைத்துக்கொண்டு என்ன செய்வது? ஒரு தச்சரிடம் கதவு எவ்வளவு உயரம் வேண்டும் என்று கேட்டால், "இரண்டு அடியிலிருந்து ஐம்பது அடிக்குள்" என்று சொன்ன கதைதான். இடைவெளி இவ்வளவு அகலமாக இருந்தாலே, புரொஜெஸ்டிரோன் எடுத்து நோயும் வந்தவர்களாக விரல் விட்டு எண்ணக்கூடிய பெண்கள்தான் இருந்திருக்கிறார்கள் என்று பொருள். ஒருத்தி அங்கே இல்லாமல் போயிருந்தால்கூட அந்தப் 10 வேறு எண்ணாகியிருக்கும்.

ஐந்து மருந்துகளை ஒவ்வொன்றாகச் சோதிப்பதிலும் ஒரு சங்கடம் இருக்கிறது. உண்மையில் எதற்குமே தொடர்பு இல்லாவிட்டாலும், ஐந்தில் ஏதோ ஒன்று ‘தொடர்பு இருக்கிறது’ என்று தற்செயலாகக் காட்டிவிட ஏறக்குறைய 23 சதவீத வாய்ப்பு உண்டு. 0.95ஐ ஐந்து முறை பெருக்கி, ஒன்றிலிருந்து கழித்துப் பாருங்கள். ஆய்வாளர்களை நான் குறை சொல்லவில்லை. எண்ணிக்கை சிறியது, இந்த முடிவைக் கவனமாக எடுத்துக்கொள்ளுங்கள் என்று அவர்களே எழுதியிருக்கிறார்கள். அந்த வரி பரவவில்லை. 2.28ம் 10.14ம்தான் பரவின.

அடுத்து, மடங்கைத் தலைக்கணக்காக மாற்றிப் பார்க்கலாம். 54,362 பேரில் 29 என்பது ஏறத்தாழ 1,875 பேருக்கு ஒருவர். க்ளோமிபீன் உண்மையாகவே இரட்டிப்பாக்குகிறது என்றே வைத்துக்கொள்ளுங்கள். தோராயமாக 2,000 பேருக்கு ஒருவர் என்பது 1,000 பேருக்கு ஒருவர் ஆகும். மாத்திரை போட்ட 2,000 பெண்களில் இருவருக்கு வரும். அந்த இருவரில் ஒருவருக்கு மாத்திரை போடாவிட்டாலும் வந்திருக்கும். ‘இரண்டு மடங்கு’ என்பதும் இதுவும் ஒரே செய்திதான். முதல் வடிவத்தில் கேட்டவளுக்குத் தூக்கம் போகும். இரண்டாவது வடிவத்தில் கேட்டவள் யோசிக்க ஆரம்பிப்பாள்.

உடலுக்குள் வழி இருக்கிறதா

தைராய்டுக்கும் கருப்பைக்கும் என்ன சம்பந்தம் என்று யாரும் கேட்க முடியாது. பந்தம் நிறையவே இருக்கிறது. தைராய்டு புற்றுநோய் ஆண்களைவிடப் பெண்களுக்கு ஏறத்தாழ மூன்று மடங்கு வருகிறது. தைராய்டு செல்களில் ஈஸ்ட்ரோஜென் ஏற்பிகள் இருக்கின்றன. ஈஸ்ட்ரோஜென் ஏறினால் ரத்தத்தில் தைராய்டின் ஹார்மோனான தைராக்ஸினைப் பிடித்து வைத்திருக்கும் புரதம் கூடும். அதை ஈடுகட்டத் தைராய்டு கூடுதலாக உழைக்க வேண்டும். அதைத் தூண்டும் டி.எஸ்.எச். கொஞ்சம் ஏறும். கருமுட்டைகளை ஊசி போட்டு வளர்க்கும் நாட்களில் ஈஸ்ட்ரோஜென் பல மடங்கு எகிறுவதால் டி.எஸ்.எச். தற்காலிகமாக ஏறுவதை மருத்துவர்கள் சாதாரணமாகப் பார்க்கிறார்கள்.

எச்.சி.ஜி. இன்னும் நெருங்கிய உறவு. டி.எஸ்.எச்.சும் எச்.சி.ஜி.யும் பாதி உடம்பு ஒன்றாக உள்ள இரட்டையர். ஆல்ஃபா பகுதி இரண்டிலும் ஒன்றேதான். பீட்டா பகுதியில்தான் வேறுபாடு. அதனால் எச்.சி.ஜி. தைராய்டின் கதவையும் லேசாகத் தட்டும். கர்ப்பத்தின் முதல் மூன்று மாதத்தில் எச்.சி.ஜி. எகிறும்போது டி.எஸ்.எச். இறங்குவது இதனால்தான்.

அப்படியானால், மருந்து தைராய்டைத் தூண்டிப் புற்றுநோயைக் கொண்டுவருகிறது என்றால், முதலில் சந்தேகப்பட வேண்டியது எச்.சி.ஜி.யைத்தான். டென்மார்க் தரவில் அதற்குத் தொடர்பே தெரியவில்லை. ஈஸ்ட்ரோஜெனைத் தாறுமாறாக ஏற்றும் கொனடோட்ரோபின் ஊசிகளுக்கும் தெரியவில்லை. தெரிந்தது க்ளோமிபீனுக்கும் புரொஜெஸ்டிரோனுக்கும். புரொஜெஸ்டிரோனோ பெண் உடம்பே மாதா மாதம் சுரப்பது. கர்ப்பத்தில் ஒன்பது மாதமும் கொட்டிக்கொண்டே இருப்பது. சில வாரம் மாத்திரையாகப் போட்டதற்குப் பத்து மடங்கு என்றால் நாலு பிள்ளை பெற்ற பாட்டிகளின் கழுத்து என்ன ஆகியிருக்க வேண்டும்? உடலியல் ஒரு பக்கம் கைகாட்டுகிறது, எண் வேறு பக்கம் கைகாட்டுகிறது. என் கணிப்பில் இந்தக் கட்டுரையின் பெரிய பலவீனம் இதுதான். 29 என்ற சிறிய எண்ணிக்கைகூட இரண்டாவதுதான்.

மருந்தா, மருந்து கொடுக்க வைத்த காரணமா

க்ளோமிபீன் யாருக்குக் கொடுக்கப்படுகிறது? கருக்குழாய் அடைத்தவளுக்கு இல்லை. கணவனுக்கு உயிரணு குறைவு என்று வந்தவளுக்கும் பெரும்பாலும் இல்லை. கருமுட்டை ஒழுங்காக வெளிவராதவளுக்குத்தான் கொடுப்பார்கள். அவர்களில் பெரும்பங்கு பி.சி.ஓ.எஸ். உள்ளவர்கள், நம்மூரில் ‘நீர்க்கட்டி’ என்று சொல்கிறோமே அது. பி.சி.ஓ.எஸ். உள்ள பெண்களுக்குத் தைராய்டைத் தானே தாக்கிக்கொள்ளும் ஹஷிமோட்டோ நோய் கூடுதலாகக் காணப்படுகிறது. எடையும் கூடுதலாக இருக்கும். உடல் பருமன் தைராய்டு புற்றுநோய்க்கு ஒரு காரணம் என்பது பல ஆய்வுகளில் தெரிந்தது. ஆக, க்ளோமிபீன் எடுத்தவர்களையும் எடுக்காதவர்களையும் ஒப்பிடும்போது மாத்திரையைத் தவிர வேறு பலவற்றையும் சேர்த்தே ஒப்பிட்டுவிடுகிறோம். குடை பிடித்தவர்கள் எல்லாம் நனைந்திருக்கிறார்கள், அதனால் குடைதான் நனைக்கிறது என்பது போல.

டென்மார்க் மண்ணுக்கே உரிய இன்னொரு விஷயமும் உண்டு. அங்கே அயோடின் பற்றாக்குறை இருந்தது. கோபன்ஹேகன் பக்கம் லேசாக, மேற்கே ஆல்போர்க் பக்கம் இன்னும் கொஞ்சம் அதிகமாக. உப்பில் அயோடின் சேர்ப்பது 1998இல்தான் தொடங்கியது. ஆய்வில் உள்ள பெண்கள் வாழ்ந்த காலம் கிட்டத்தட்ட முழுவதும் அதற்கு முந்தையது. அயோடின் குறைந்த ஊரில் கழுத்துக் கட்டிகள் அதிகம், தைராய்டு எப்போதும் கொஞ்சம் கூடுதல் தூண்டுதலில் இருக்கும். அந்த மண்ணில் கிடைத்த மடங்கை அயோடின் உப்பு தின்று வளர்ந்த நம் பெண்களுக்கு அப்படியே ஒட்டிவிட முடியாது.

அதே பெண்கள் கூட்டத்தை வைத்து 2009இல் இன்னொரு ஆய்வு ‘பி.எம்.ஜே.’ இதழில் வந்தது. இந்த முறை கருப்பைக்குப் பக்கத்தில் உள்ள சினைப்பைப் புற்றுநோய். 156 பேருக்கு வந்திருந்தது. மருந்துகளோடு நம்பும்படியான தொடர்பு எதுவும் இல்லை. முட்டைப் பையையே நேரடியாகத் தூண்டும் மருந்து அங்கே ஒன்றும் செய்யாமல், எங்கோ இருக்கும் கழுத்தில் செய்தது என்றால், நடக்கக் கூடாததில்லை. ஆனால் அதற்கு 29ஐவிடப் பெரிய எண்ணிக்கை வேண்டும்.

பார்த்தால் கிடைக்கும்

தைராய்டு புற்றுநோயைப் பற்றிப் பேசும்போது மற்றப் புற்றுநோய்களுக்கு இல்லாத ஒரு சிக்கலைச் சொல்லியே ஆக வேண்டும். 1985இல் பின்லாந்தில் ஒரு வேலை செய்தார்கள். வேறு காரணங்களால் இறந்து பிரேதப் பரிசோதனைக்கு வந்த 101 பேரின் தைராய்டை எடுத்து, இரண்டரை மில்லிமீட்டர் தடிமனுக்கு, ரொட்டி சீவுவது போலச் சீவி, ஒவ்வொரு சீவலையும் நுண்ணோக்கியில் பார்த்தார்கள். 36 பேரிடம் ‘பாப்பில்லரி’ என்ற வகைத் தைராய்டு புற்றுநோய் சிறிதாக இருந்தது. அவர்கள் அதனால் சாகவில்லை. அது இருந்தது அவர்களுக்குத் தெரியவும் தெரியாது. இன்னும் மெலிதாகச் சீவியிருந்தால் இன்னும் கிடைத்திருக்கும்.

இதை ஒரு நாடே உயிரோடு செய்து பார்த்த கதை தென்கொரியாவுடையது. 1999இல் அரசு புற்றுநோய் பரிசோதனைத் திட்டம் கொண்டுவந்தது. தைராய்டு அந்தப் பட்டியலில் இல்லை. ஆனால் வந்ததே வந்தீர்கள், கொஞ்சம் காசு கூடப் போட்டால் கழுத்திலும் ஒரு ஸ்கேன் எடுத்துவிடலாம் என்று மருத்துவமனைகள் கூப்பிட்டன. 2011இல் தைராய்டு புற்றுநோய் கண்டுபிடிக்கப்படும் விகிதம் 1993இல் இருந்ததைப்போல 15 மடங்கு. அந்த ஒரு வருடத்தில் 40,000க்கும் மேற்பட்டோருக்கு நோய் என்று சொல்லப்பட்டது. இறப்பு வருடத்துக்கு 300, 400 என்று அப்படியே நின்றது. அறுவை செய்துகொண்டவர்களில் 11 சதவீதம் பேருக்குக் கால்சியத்தைக் காக்கும் சுரப்பிகள் பாதிக்கப்பட்டன. 2 சதவீதம் பேருக்குக் குரல் நாண் செயலிழந்தது. 2014இல் மருத்துவர்கள் சிலர் சேர்ந்து பகிரங்கமாகக் கேள்வி எழுப்பிய பிறகுதான் அறுவைகள் சரிந்தன.

இனி நம் குழந்தைப்பேறு சிகிச்சை மையங்களுக்கு வருவோம். முதல் நாளே டி.எஸ்.எச். எடுக்கிறார்கள். நியாயம்தான், தைராய்டு குறைந்தால் கரு தங்குவதும் சிரமம். 2.5க்கு மேல் இருந்தால் தைராக்ஸின் எழுதுவார்கள். அன்றிலிருந்து அவள் ‘தைராய்டு இருக்கிற பெண்’. (தைராய்டு இல்லாத பெண் யார் என்று நான் கேட்பதை விட்டுவிட்டேன். ஊரே அப்படித்தான் பேசுகிறது.) அடுத்து, தைராய்டைத் தாக்கும் ஆன்டிபாடி ரத்தத்தில் இருக்கிறதா என்று சோதனை. ஆன்டிபாடி இருந்தால் கழுத்து ஸ்கேன். நல்ல ஸ்கேன் கருவி வைத்துத் தேடினால் பெரியவர்களில் 19 முதல் 68 சதவீதம் பேரிடம் முடிச்சு ஏதாவது கிடைக்கும். முடிச்சு கிடைத்தால் ஊசி குத்திச் செல்களை எடுத்துச் சோதனை. ஊசி குத்திப் பார்த்த சிலருக்குப் புற்றுநோய். மாத்திரையே போடாதவளின் கழுத்தை யார் தேடினார்கள்?

டென்மார்க்கின் 29 பேரையும் இதனால் விளக்கிவிடலாம் என்று நான் சொல்லவில்லை. 1963லிருந்து வரும் கூட்டம் அது; அந்தக் காலத்தின் பெரும்பகுதியில் கழுத்துக்கு இப்படி ஸ்கேன் கிடையாது. மருந்து எடுத்தவர்கள் மருத்துவரிடம் இன்னும் நாலு தடவை கூடுதலாகப் போயிருப்பார்கள், அவ்வளவுதான். ஆனால் இன்று, நம் ஊரில், "சிகிச்சைக்கு அப்புறம் தைராய்டு கேன்சர் வந்துச்சு" என்று ஒருத்தி சொன்னால், என் சந்தேகப் பட்டியலில் முதலில் நிற்பது ஸ்கேன் கருவிதான்.

சரி, வந்துவிட்டால்?

சிகிச்சை நடுவே உண்மையாகவே தைராய்டு புற்றுநோய் தெரியவந்தால், பெரும்பாலும் அது பாப்பில்லரி வகை. 55 வயதுக்குக் கீழே, நுரையீரல் எலும்பு என்று தூரப் பரவவில்லை என்றால், கட்டி பெரிதாக இருந்தாலும் கழுத்து நிணநீர்க் கணுவில் இருந்தாலும் இன்றைய கணக்கில் முதல் நிலைதான். மற்றப் புற்றுநோய்களில் நிலையை வயது இப்படித் தீர்மானிப்பது அபூர்வம். ஒரு சென்டிமீட்டருக்குள் இருக்கும் சின்னக் கட்டியை வெட்டாமல் கவனித்து வரலாம் என்று ஜப்பானின் கோபே நகரத்துக் குமா மருத்துவமனை 1993லேயே ஆரம்பித்தது. அவர்கள் கவனித்த 1,235 பேரில் பத்து வருடத்தில் 3 மில்லிமீட்டராவது வளர்ந்தது 8 சதவீதம். கணுவுக்குப் பரவியது 3.8 சதவீதம்.

அறுவைக்குப் பிறகு கதிரியக்க அயோடின் கொடுத்தால் ஆறு மாதம் முதல் ஒரு வருடம் வரை கருத்தரிப்பைத் தள்ளிப்போடச் சொல்வார்கள். 38 வயதில் கடைசி முயற்சியில் இருப்பவளுக்கு ஒரு வருடம் என்பது என்ன என்று எழுதத் தேவையில்லை. அதனால் அந்த அயோடின் அவளுக்கு உண்மையிலேயே வேண்டுமா என்பதைத் தைராய்டு மருத்துவரும் மகப்பேறு மருத்துவரும் ஒரே மேஜையில் உட்கார்ந்து பேச வேண்டும். அபாயம் குறைந்த பலருக்கு அது வேண்டியதில்லை. ஏற்கெனவே தைராக்ஸின் எடுப்பவள் கர்ப்பமானால் அளவைக் கால் பங்குக்கு மேல் கூட்ட வேண்டியிருக்கும். வாரத்துக்கு இரண்டு மாத்திரை கூடுதல் என்று சொல்லிக்கொடுப்பது எளிது. இதைச் சொல்ல மறந்துவிடுகிறார்கள்.

போன வருடம் இந்த வகுப்பு முடிந்ததும் மாணவி ஒருத்தி எல்லோரும் போகும்வரை நின்றாள். "மேடம், நானே நாலு சைக்கிள் க்ளோமிபீன் போட்டிருக்கேன். கழுத்துல ஒரு ஸ்கேன் எடுத்துப் பார்த்துரட்டுமா?"

கையால் தொட்டுப் பார்த்தேன். விழுங்கச் சொன்னேன். ஒன்றும் தட்டுப்படவில்லை. "வேண்டாம்மா. அறிகுறி இல்லாதவங்களுக்குத் தேடிப் பார்க்க வேணாம்னு அமெரிக்க நோய்த்தடுப்புப் பணிக்குழு 2017லேயே சொல்லியிருக்கு. இப்பதானே கொரியா கதையைப் படிச்சோம்" என்றேன். தலையாட்டினாள்.

அடுத்த வாரம் ஒரு கவரோடு வந்தாள். வெளியே எடுத்திருக்கிறாள். வலப்பக்கத்தில் 4 மில்லிமீட்டரில் ஒரு முடிச்சு, டைராட்ஸ் 3. முடிச்சு எவ்வளவு சந்தேகத்துக்குரியது என்று ஸ்கேனைப் பார்த்துக் கொடுக்கும் தரவரிசை அது; 3 என்றால் லேசான சந்தேகம். அந்த வகையில் ஒன்றரை சென்டிமீட்டர் இருந்தால்தான் மறுபடி பார்க்க வேண்டும், இரண்டரை இருந்தால்தான் ஊசி. இருவரும் அட்டவணையை எடுத்து வைத்துப் பார்த்தோம். அவளுக்கே மனப்பாடமாகத் தெரியும். ஆனால் அறிக்கையின் அடியில் ‘ஆறு மாதத்தில் மறு பரிசோதனை’ என்று அச்சாகியிருந்தது.

"போக வேண்டாம்தானே மேடம்?"

"வேண்டாம்."

கவரை மடித்துப் பைக்குள் வைத்துக்கொண்டு, தேதியை போனில் குறித்துக்கொண்டாள்.